மூன்றாவது பகுதிக்கு முன்னால் ஒரு பொன்னாடை

போன சனிக்கிழமை சாயங்காலம் தாம்பரத்தில் ஒரு ஆடிட்டோரியத்தில், இரண்டாவது வரிசையில், செல்போனை உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்தவர் முறைத்தார். முறைக்கட்டும்... எனக்கு வேறு வழி இல்லை.

மேடையில் ஆர்கெஸ்ட்ரா. ரஷ்ய இசையும் ஃபின்லாந்து இசையும் என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். மூன்று பகுதிகள் கொண்ட ஃபின்லாந்து கான்செர்ட்டோவுக்கு சோலோ வயலின் — மாடம்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஜெனிஃபர். போனின் மறுமுனையில் அவளுடைய அப்பா ஸ்டீபன் சார், ஆஸ்பத்திரிக் கட்டிலில். டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள்.

"வீட்ல அவ பிராக்டீஸ் பண்றப்போ வயலினை மட்டும்தான் கேட்டிருக்கேன் சார். அந்த மூணாவது பார்ட்டை ஆர்கெஸ்ட்ராவோட ஒரு தடவை கேட்டுடணும்..." காலையில் பார்க்கப் போனபோது மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

முதல் பகுதி முடிந்தது. மெதுவான, துக்கமான இரண்டாவதும் முடிந்தது. ஜெனிஃபர் வில்லை இறக்கினாள். சின்ன அமைதி. அடுத்து மூன்றாவது...

அந்த அமைதியை விழாக்குழுச் செயலாளர் பார்த்துவிட்டார். நம் ஊரில் மேடை சும்மா இருக்கலாமா? மைக்கோடு ஏறினார். "சீஃப் கெஸ்ட் சாருக்கு இன்னொரு ஃபங்ஷன் இருக்கு. அவசரமா கிளம்பணும். அதனால இப்பவே..."

ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டருக்குப் பொன்னாடை. ஜெனிஃபருக்குப் பொன்னாடை. போட்டோ சரியாக விழவில்லை என்று மறுபடியும் பொன்னாடை. அப்புறம் 'ரெண்டே வார்த்தை' பேச வந்த சீஃப் கெஸ்ட், இசைக்கு மொழியே தேவையில்லை என்று பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார்.

நான் மேடை ஓரத்துக்கு ஓடினேன். "சார், அந்தப் பொண்ணோட அப்பா போன்ல கேட்டுக்கிட்டிருக்கார். ரொம்ப சீரியஸ்..."

"அஞ்சு நிமிஷம் சார். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் செயலாளர்.

போனைக் காதில் வைத்தேன். ஸ்டீபன் சாரின் மனைவி மேரி டீச்சர். "இன்னும் ஆரம்பிக்கலையாண்ணா? கேட்டுக்கிட்டே இருக்கார்..."

சீஃப் கெஸ்ட்டின் பேச்சு முடிந்து நான் இடத்துக்குத் திரும்பியபோது போனில் அதே குரல் மறுபடி வந்தது. "போயிட்டார்ண்ணா. ஜெனிகிட்ட இப்ப சொல்லாதீங்க. அவ வாசிச்சு முடிக்கட்டும்."

ஜெனிஃபர் பொன்னாடையை எடுத்து வைத்துவிட்டு, என் கையிலிருந்த போனைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். வாசித்தாள். துள்ளலான பகுதி, ஹாலே தாளம் போட்டது. நான் போனை இறக்கவில்லை. இறக்கினால் அவளுக்குத் தெரிந்துவிடுமே! அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மரியாதை, மரியாதை என்கிறோமே... யாருக்கு? வாசிக்கிறவருக்கா, போட்டோவுக்கா?

மறுநாள் துக்க வீட்டுக்கு மலர்வளையத்தோடு சீஃப் கெஸ்ட்டும் வந்தார். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு வேறு ஃபங்ஷன் எதுவும் இல்லை போலிருக்கிறது.