இரவல் கொடிக்கால்

போன வாரம் எங்கள் கம்பெனிக்குப் புரோகிராமர் வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், "பாலிமார்பிசம்னா என்னம்மா?" என்று கேட்டேன். அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். வியர்த்தது எனக்குத்தான். கேள்வி கேட்கிறவன் பயப்படுவானா என்று சிரிக்காதீர்கள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். கீழேயிருந்து சூடான தாளின் வாசம் ஏறி வரும். அந்த வாசம் அடித்தால் இன்றும் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பேன். அங்கே பாடம் நடத்திய சார் எழுதிய நோட்ஸை நகலுக்கு நகல் எடுத்து எல்லோரும் ஒன்றுபோல உருப்போட்டோம். பாலிமார்பிசமா, விலங்கு ஒரு கிளாஸ், 'கத்து' என்று ஒரே கட்டளை கொடுத்தால் அதிலிருந்து வந்த நாய் குரைக்கும், பூனை மியாவ் என்னும். ப்ளஸ் டூவையே உருப்போட்டுத் தேறியவர்கள், வேறென்ன தெரியும்!

சோழவந்தானிலிருந்து வரும் முருகேசனுக்கு மட்டும் உருப்போட வராது. ஒரு சாப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூ அன்று வராந்தாவில் நான் நடுங்குவதைப் பார்த்து முதுகில் தட்டினான்.

"பயந்து சாகாத மாப்ள. எங்கய்யா காலைல 'கெளம்புங்க'ன்னு ஒரே சத்தந்தான் குடுப்பாரு. அண்ணன் வெத்தலக் கொடிக்காலுக்குப் போவான், ஆத்தா கூடையத் தூக்கும், நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். ஒரே சத்தம், ஆளுக்கொரு வேல. இம்புட்டுத்தான் பாலிமார்பிசம்."

சத்தியமாக, அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் இருவரில் முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் நாயைத் தொடங்கியதுமே நடுவில் இருந்தவர் கையைக் காட்டினார். "காலைல இருந்து பதினோரு நாய் குரைச்சிருச்சு தம்பி. உங்க வீட்டுல இருந்து ஒண்ணு சொல்லுங்க."

இந்த வேலையும் போனால் மாமாவின் ஜவுளிக்கடைதான் என்று அப்பா அன்று காலையில் சொல்லியிருந்தார். வாய் தானாகத் திறந்தது. "எங்கய்யா காலைல கெளம்புங்கன்னு சொல்லுவாரு சார்..."

விளாங்குடியில் எங்கள் வீட்டில் ஒரு ரோஜாச்செடிகூடக் கிடையாது. அப்பா குமாஸ்தா. அப்படி எழுதிக்கொடுத்த என் விண்ணப்பம் கேள்வி கேட்டவருடைய முழங்கைக்கு அடியிலேயே கிடந்தது. எப்போது குனிந்து பார்ப்பாரோ என்று அந்த முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனியவில்லை. "சபாஷ்" என்றார்.

வெளியே வந்ததும் முருகேசன் கேட்டான். "என்ன மாப்ள கேட்டாங்க?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். "ஈசிதான்டா" என்றேன்.

உள்ளே போனவன் ஐந்தே நிமிஷத்தில் முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். "கொடிக்காலையும் உருப்போட்டாச்சான்னு சிரிக்கிறாங்க. எங்கய்யாவ எப்புடிறா உருப்போட முடியும்?" என்றான். பிறகு என்னையே பார்த்தான். "போறேன்" என்றான். மாப்ள என்று சொல்லவில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. அந்தச் சென்டர் இப்போது இல்லை, ஜெராக்ஸ் கடையும் இல்லை. முருகேசன் எங்கே என்று தெரியவில்லை, தேடவும் தைரியமில்லை. இன்டர்வியூ அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் விண்ணப்பத்தில் முதலில் ஊர்ப்பெயரைத்தான் பார்க்கிறேன். சோழவந்தானிலிருந்து ஒரு பிள்ளை வந்து, "எங்க தாத்தா காலைல கெளம்புங்கன்னு சொல்லுவாரு சார்" என்று ஆரம்பித்துவிட்டால் நான் என்ன செய்வேன்?