அழிக்காமல் விட்ட ஒரு வரி

என் அக்காவுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் 'டிராக்' பாடும் வேலை. பெரிய பாடகி கேட்டுப் பழகுவதற்காக, பாட்டை முதலில் இவள் பாடி வைப்பாள். அந்த அம்மா வந்து பாடி முடித்ததும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக இதே கதைதான். கறிவேப்பிலைப் பிழைப்பு என்று நான் திட்டுவேன். "உன் வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும்டி" என்பாள்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? புதுப்பாட்டு வந்தால் போதும், ரேடியோவுக்குக் காதைக் கொடுத்து உட்கார்ந்துவிடுவாள், தன் குரல் ஒரு மூச்சளவாவது தப்பித் தங்கியிருக்காதா என்று. அவள் மகளும் சின்ன வயசிலிருந்தே பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல நீ இருக்கியாம்மா?" என்று கேட்பாள். "அடுத்ததுல" என்பாள் அக்கா.

போன மாதம் ஒரு பாட்டு பதிவுக்கு வந்தது. அதில் ஒரு வரி: "நாலு அறை விடு மாமா, நான் அடங்கிக் கிடப்பேன்." பெரிய பாடகி தாளைத் தூக்கி எறிந்துவிட்டாராம். "இந்தக் கண்றாவிய நான் பாட மாட்டேன்." மற்ற வரிகளை மட்டும் பாடிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இசையமைப்பாளர் அந்த ஒரு வரிக்கு அக்காவின் குரலையே விட்டுவிட்டார். அக்கா வார்த்தையைக் கவனித்தவளே இல்லை. எப்படியும் அழியப்போகிற பாட்டில் என்னத்தைக் கவனிப்பது? சுருதியும் தாளமும் சரியாக இருந்தால் சரி.

நேற்று வெளியான பாட்டு ஒரே நாளில் ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. இன்று காலை ரேடியோவில் தன் குரலைக் கேட்டதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் சொல்லலாம் என்று கேக் கூட வாங்கி வைத்தோம்.

அவளோ பையை வீசி எறிந்துகொண்டு உள்ளே வந்தாள். பஸ்ஸில் நாலு தடிமாடுகள் அந்த வரியைப் பாடிக்கொண்டே இவள் கன்னத்துக்கு நேரே கையை ஓங்கினார்களாம். பஸ்ஸே சிரித்ததாம்.

"அதப் பாடுனவ மட்டும் என் கையில கிடைக்கட்டும் சித்தி! அவளுக்கெல்லாம் பொண்ணே இருக்காதா?"

பேச்சை மாற்றலாம் என்று கேக்கை எடுத்தேன். அக்கா என் கையைத் தடுத்தாள்.

"இருக்கா. நான்தாண்டி பாடினேன்."

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதுலயாம்மா நீ இருக்க?"

அக்கா அவள் கன்னத்தைத் தொடப் போனாள். தொடாமலே கையை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தன வருஷமா அழிச்சாங்களேடி. இதையும் அழிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?"