சாம்பிராணிக்கு வந்த தடை

என் மகன் ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டான். பெங்களூர் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் ஆக்சிஜனில் கிடந்து, நோஞ்சான் நுரையீரலோடு எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்கு வந்து சேர்ந்தான். புகை ஆகாது, தூசு ஆகாது, சளி அடைத்து உடனே எடுக்காவிட்டால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். சளி எடுக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டி, அதில் இரண்டு குழாய். ஒன்றைப் பிள்ளையின் மூக்கில் விட்டு, மற்றொன்றை நம் வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். சளி புட்டியில் தங்கிவிடும்.

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அதைப் பார்த்தாலே குமட்டும்.

"கருமம், வாயில வெச்சு உறியறதா? தலைக்கு ஊத்திச் சாம்பிராணி போட்டா சளி தானா ஓடிப்போயிரும்" என்பார் அண்ணி. ஊர்ப் பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர். டாக்டரா அண்ணியா என்றால் எங்கள் வீட்டு ஓட்டு அண்ணிக்குத்தான். அதனால் நான் சாம்பிராணி டப்பாவை அரிசிப் பானையில் ஒளித்தேன், கண்டுபிடித்தார். மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகினேன். அங்கே அவருக்கு எட்டவில்லை.

ஒருநாள் நான் துணி துவைத்துவிட்டு வந்தால் வாசல்வரை சாம்பிராணி வாசம். அண்ணி கடையில் புதிதாக வாங்கிப் புகை போட்டிருக்கிறார். பிள்ளை மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான், உதடு நீலம். அண்ணி குழாயை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் செய்வதைத் தினமும் குமட்டிக்கொண்டே கவனித்திருக்கிறார் போல. பிள்ளை வீறிட்டான். அந்த அழுகையைக் கேட்டதும் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு புட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இத்தன சளியா இருந்துச்சு, பாவம்."

மறுநாளே ஆட்சி மாறியது. அண்ணியின் தம்பியான என் கணவரின் பீடிக்கு வீட்டுக்குள் இடமில்லை. என் விறகடுப்பையும் அண்ணி தூக்கிக் கொல்லையில் வைத்துவிட்டார். புகைக்கு எதிராகப் போராடிய நான்தான் மழையில் குடை பிடித்துக்கொண்டு சோறாக்கினேன்.

மாதா கோயில் திருவிழாப் பூசைக்கு முதன்முறையாகப் பிள்ளையைத் தூக்கிப் போனோம். பங்குச் சாமியார் சாம்பிராணித் தூபத்தை ஆட்டிக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்தார். எல்லோரும் தலை குனிய, அண்ணி மட்டும் எழுந்து, பிள்ளைக்கு முன்னால் முந்தானையை விரித்து நின்றார்.

"சாமி, மாதா கோச்சிக்க மாட்டாங்க. நீங்க அந்தப் பக்கம் போயி ஆட்டுங்க."

சாமியார் தூபத்தோடு எதிர் வரிசைக்குத் திரும்பிவிட்டார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் அண்ணியின் இடுப்பைப் பார்த்தேன். வெற்றிலைப் பை செருகும் இடத்தில் அந்தச் சளிப் புட்டி இருந்தது.