கை நுழையாத இடம்

ஓட்ட ஆளில்லாத வண்டி வீட்டில் நிற்கக் கூடாது என்று மாமனார் சொன்னபோது எனக்கு ஆறாவது மாதம் முடிந்திருந்தது. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பிரச்சனை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன்.

அது என் வண்டி. கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்துச் சேர்த்ததை வைத்து, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய டூரிங் பைக். முன்னால் காற்றைத் தடுக்கும் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டக் கம்பி, நாள் முழுக்க உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காத சீட். இரண்டு முறை ராமநாதபுரத்துக் கடற்கரை வரை தனியாகப் போய் வந்தேன். அடுத்த பயணத்துக்காகப் புது டயர் போட்ட வாரத்தில் வாந்தி தொடங்கியது. டாக்டர் அம்மா பேச்சை வளர்க்கவில்லை. "பைக்கா? அந்தப் பக்கமே போகாதீங்க."

அன்றிலிருந்து செல்லூர் வீட்டுப் போர்டிகோவில் வண்டியும் வீட்டுக்குள் நானுமாக நின்றோம். டி. கல்லுப்பட்டியில் மாமனாரின் சொந்தக்காரர் மகன் ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். "ஓட்டுறவன் இருந்தா இருக்கட்டும். இல்லேனா அவன் வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார் மாமனார்.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவன் தலையை நிமிர்த்தாமல் சொன்னான். "நான் ஓட்டுறேன்பா."

அத்தைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீயா? ஸ்கூட்டர்ல கோரிப்பாளையம் சிக்னலத் தாண்டவே ரெண்டு காலையும் தொங்கப் போட்டுக்கிட்டு வருவ. நீ இந்த எருமைய ஓட்டப் போறியாக்கும்!"

மாமனார் சிரிக்கவில்லை. யோசித்து ஒரு நிபந்தனை வைத்தார். "வளைகாப்பு முடிஞ்சு புள்ளைய அவுங்க அம்மா வீட்டுக்கு அனுப்புவோம்ல, அன்னைக்கு கார் பின்னாடியே நீ இதுல போ. திருவாதவூர் போய்ச் சேந்தேனா வண்டி இங்கயே நிக்கட்டும். நடுவுல நின்னுச்சுனா பேச்சே கிடையாது."

அவன் அதுவரை கியர் வண்டி தொட்டதில்லை. இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. மஞ்சள் விளக்கு விழும் முன்பே பிரேக்கில் கை வைக்கிற ஜாதி. எனக்காகத்தான் சொன்னான் என்பது தெரிந்ததால், திட்டவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை.

வண்டியை அவனுக்கேற்ற மாதிரி ஆக்கும் வேலை என்னுடையது. என் உயரத்துக்காக ஃபோமை வெட்டிக் குறைத்த சீட்டைக் கழற்றி, பரணில் கிடந்த பழைய சீட்டைப் போட்டேன். எனக்காகத் தாழ்த்தி வைத்திருந்த ஹேண்டில்பாரை மேலே தூக்கினேன். கிளட்ச் அவனுக்குக் கனமாக இருக்கும் என்று புது கேபிள் மாற்றி, லிவரை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். ஆயில், செயின், பிரேக் பேட், எல்லாம் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, வயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி. ஒவ்வொரு ஸ்குரூவாக நான் அந்த வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு அக்கா கேட்டுக்கு வெளியே நின்று அத்தையிடம் சொன்னார். "மாசமா இருக்கவ மாங்கா கேப்பா, சாம்பல் கேப்பா. ஒங்க மருமக ஸ்பேனர் கேக்குறா. ஆம்பளப் புள்ளதான், எழுதி வச்சுக்கங்க."

"அவ வயித்துல இருந்தப்பவும் இதத்தான் சொல்லியிருப்பாக" என்றார் அத்தை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

காலையில் வைகைக் கரை ரோட்டில் பயிற்சி. அவன் வண்டியில், நான் ஓரத்தில் கையைப் பிசைந்துகொண்டு. ஒரு நல்ல குணம், அவன் அவசரப்படமாட்டான். சில நாட்களில் கியர் பிடிபட்டது. ஆனால் பாலம் வரை போய்த் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் வேகம் குறைந்த இடத்தில் வண்டி அணைந்தது.

வீட்டில் ஆட்கள் இருந்தால் அவன் எனக்கு 'ஏங்க'. இல்லாவிட்டால் 'யோவ்'.

"யோவ், கிளட்ச்ச மெதுவா விடச் சொன்னா, சூட்டுச் சட்டியப் பிடிச்ச மாதிரி பட்டுனு விடுற."

"மெதுவாத்தான்டி விட்டேன். அதுவா ஆஃப் ஆகுது."

"அணையிறதுக்கு முன்னாடி என்ன பண்ணுச்சு?"

"என்னமோ மாதிரி இருந்துச்சு."

"என்னமோ மாதிரினா? குலுங்குச்சா, இழுத்துச்சா, திணறுச்சா?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "எல்லாம்தான்."

ஒரு வண்டியை இன்னொருவர் உடம்பு வழியாகச் சரிபார்ப்பதைப் போன்ற வதை வேறில்லை. நான் ஏறி உட்கார்ந்து பத்தடி ஓட்டினால் தெரிந்துவிடும், தப்பு வண்டியுடையதா அவனுடையதா என்று. பத்தடிதான். ரோடும் காலியாகத்தான் கிடந்தது. என் கால் தானாக முன்னே போனது. அவன் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டான்.

கண்டுபிடித்தது ஒரு தற்செயலில். ஒருநாள் சூடாக வந்தவன், வண்டியை அணைக்காமல் ஸ்டாண்டில் போட்டுவிட்டுக் கேட்டைச் சாத்தப் போனான். வண்டிமேல் யாருமில்லை. அப்போதும் எஞ்சின் ஏறி இறங்கி மூச்சுத் திணறியது. அப்படியென்றால் தப்பு அவன் கையில் இல்லை. அத்தை துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துவந்து, எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகிற வழியில் இருக்கும் ரப்பர் குழாய்மேல் அடித்தேன். ஒரு நொடி சத்தம் சீரானது. ஈரம் காய்ந்ததும் மறுபடி திணறல். ரப்பரில் வெடிப்பு. சூடானால் வெடிப்பு விரிந்து அதன் வழியே காற்றை உறிஞ்சுகிறது.

"நான் சொன்னேன்ல" என்றான் அவன், ஏதோ கண்டுபிடித்தது அவன்தான் என்பது போல.

அந்த ரப்பர் மதுரையில் எந்தக் கடையிலும் இல்லை. ஆன்லைனில் ஆர்டர் போட்டேன். அது வருவதற்குள் வளைகாப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. முதலில் வேப்பங்குச்சிக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல்கள். வந்தவர்கள் எல்லோரும் சந்தனம் பூசினார்கள், வளையல் போட்டார்கள், பாடினார்கள். என் கைகள் அந்த மாதம் நீர் கோத்து வீங்கியிருந்தன. வளையல்கார அம்மா சோப்பு தடவி, என் விரல்களைக் குவித்து, எலும்பு நொறுங்குவது போல அழுத்தித்தான் ஒவ்வொன்றையும் ஏற்றினார். மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதிவரை பச்சையும் சிவப்பும். அழகாகத்தான் இருந்தது. பிள்ளை பிறக்கும்வரை கழற்றக் கூடாது.

அன்றே அம்மா வீட்டுக்குப் போக வேண்டியது. விருந்து முடியவே ராகு காலம் வந்துவிட்டது. திங்களன்று கிழக்கே சூலம். செவ்வாயில் பெண்ணை அனுப்புவதில்லை. புதன் காலை என்று முடிவானது. பஞ்சாங்கத்துக்கு நான் நன்றி சொன்னது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். ஏனென்றால் திங்களன்று ரப்பர் வந்தது.

மத்தியானம் அத்தை படுத்த பிறகு போர்டிகோவுக்குப் போனேன். டேங்கைத் தூக்கினால் உள்ளே ஒரு சந்து. வண்டிச் சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் நடுவே கை நுழைந்து, ரப்பரை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, பழையதை இழுத்து, புதியதை உட்கார வைக்க வேண்டும். முன்பு கண்ணை மூடிக்கொண்டே செய்யக்கூடிய வேலை. விரல்கள் போயின. உள்ளங்கை போயிற்று. வளையல்கள் சட்டத்தில் இடித்து நின்றன. அந்தக் கையைச் சாய்த்துப் பார்த்தேன், இந்தக் கையை வளைத்துப் பார்த்தேன். கலகலவென்ற சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"என்ன பண்ற அங்க?" உள்ளிருந்து அத்தை.

"சும்மா நிக்கிறேன் அத்தை."

"சும்மா நிக்கிறவ கை இம்புட்டுச் சத்தம் போடுமா?"

குழாயடிக்குப் போய் சோப்பைக் குழைத்துக் கடைசி வளையலை இழுத்தேன். விரல் முட்டியில் வந்து இறுகி நின்றது. இழுக்க இழுக்கத் தோல்தான் மடிந்தது. உடைத்தால்தான் வரும். எனக்குச் சகுனத்தில் எல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது, படித்தவள், பேசுகிறவள். ஆனாலும் சுவரில் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்கிற இடத்தில் கை நின்றுவிட்டது. உள்ளே பிள்ளை புரண்டது. கையைக் கழுவிவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். கதவில்லாத போர்டிகோதான், ஆனாலும் என்னால் அதைவிட்டு எங்கேயும் போக முடியாது.

ஆபீசிலிருந்து வந்தவனிடம் சட்டையைக்கூட மாற்றவிடாமல் சொன்னேன். "நீதான் மாத்தணும்."

"நானா? நான் பல்பு மாத்துனாலே ஃபியூஸ் போகும்."

"நான் சொல்லச் சொல்லச் செய்யி. வா."

கிளாம்ப் வரை வந்துவிட்டான். "இப்ப இடப்பக்கம் திருப்பு."

"எது இடப்பக்கம்? ஒனக்கா, எனக்கா?"

"வண்டிக்கு!"

"வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"யோவ், நீ ஆபீஸ்ல எப்படித்தான் சம்பளம் வாங்குற?"

ஸ்குரூ ஒன்று விழுந்தது. உள்ளே எங்கேயோ டிங் டிங் என்று இறங்கி நின்றது. அவன் முகம் செத்துவிட்டது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நூலில் கட்டி இறக்கி, மீன் பிடிப்பது போல அவனே எடுத்தான். விரல் முட்டியெல்லாம் தோல் கிழிந்து ரத்தம். "இம்புட்டு எடத்துக்குள்ள கைய விட்டு எப்படிடி வேல பாக்குற நீ?" என்றான். அதில் கேலி இல்லை. புது ரப்பர் உட்காரவே மறுத்தது. அவன் எட்டிப் பார்க்க முயன்றுகொண்டே இருந்தான்.

"பாக்காத. அங்க ஒன்னும் தெரியாது. கண்ண மூடிக்க. சுத்திவர ஒரு வரப்பு மாதிரி இருக்கும், விரலால தேடு."

கண்ணை மூடினான். நான் பார்க்க முடியாத இடத்தில் அவன் விரல்கள் நகர்ந்தன. என் விரல்களும் மடியில் கிடந்தபடி நகர்ந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

"ஒரு பக்கம் ஏறிருச்சு" என்றான். "மேல மட்டும் விளிம்பு மடங்கியிருக்கு. இரு... இரு... உக்காந்துருச்சு."

'என்னமோ மாதிரி' என்று அவன் சொல்லவில்லை.

மறுநாள் அவனுக்கு ஆபீசில் தலைக்குமேல் வேலை. ஓட்டிப் பார்க்க நேரமில்லை. நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடியது. சூடான பிறகு, நெரிசலில் எப்படி என்பது புதன் காலைதான் தெரியும்.

காரின் பின்சீட்டில் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவே என்னை உட்கார வைத்தார்கள். பின்னால் அவன், என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு. வாசலில் மாமனார் கைகட்டி நின்றார். கார் நகர்ந்ததும் நான் தலையைத் திருப்பினேன்.

"கிளம்புறப்ப திரும்பிப் பாக்கக் கூடாதுடி" என்று அம்மா என் தாடையைப் பிடித்து முன்னால் வைத்தாள்.

ஏசிக்காகக் கண்ணாடி ஏற்றியிருந்தது. காதைத் தீட்டினேன். கோரிப்பாளையத்தில் சிவப்பு. பஸ், ஆட்டோ, ஹாரன், எல்லாவற்றுக்கும் அடியில் என் வண்டியின் சத்தம் இருந்தது. எனக்கு மட்டும் கேட்டது. போனை எடுத்து, செல்ஃபி எடுப்பது போலத் தூக்கி, அதில் பின்கண்ணாடியைப் பார்த்தேன். ஹெல்மெட் தெரிந்தது. ஒரு கால்தான் தரையில் இருந்தது.

"இந்த நேரத்துல போட்டோ வேறயா" என்றார் சித்தி.

பச்சை விழுந்தது. கார் பாய்ந்தது. ஒரு டவுன் பஸ் குறுக்கே நுழைந்து திரையை அடைத்தது. அது விலகியபோது ஹெல்மெட் இல்லை. சத்தமும் இல்லை.

"அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க" என்றேன் டிரைவரிடம்.

"நடுவுல நிக்கக் கூடாது, நீங்க போங்கண்ணே" என்றாள் அம்மா.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. ஓட்டினாலும் எடுக்கமாட்டான், தள்ளினாலும் எடுக்கமாட்டான். இரண்டு பக்கமும் தோள்கள், மடியில் பூக்கூடை, முன்னால் அசையாத ரோடு. நெரிசலில் சூடேறி, நடு ஜங்ஷனில் அணைந்து, சுற்றி ஹாரன் அடிக்க அவன் நிற்பது போலவே தெரிந்தது. கல்லுப்பட்டிப் பையன் சாவியை வாங்குவதுவரை யோசித்து முடித்துவிட்டேன்.

ஒத்தக்கடைக்கு முன்னால், யானைமலை பக்கவாட்டில் நீண்டு வந்தபோது, காரின் வலப்பக்கம் ஒரு சத்தம் வந்தது. திணறல் இல்லாத, நெஞ்சில் விழுகிற சத்தம். அவன் எங்களைத் தாண்டிப் போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மாப்ள என்ன இம்புட்டு வேகமாப் போறாக" என்றார் சித்தி.

நாங்கள் திருவாதவூர் சேர்ந்து, ஆரத்தி சுற்றி, நான் மோர் குடித்து முடித்த பிறகும் அவன் வரவில்லை. வந்தபோது முகமெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் வெளிச்சம்.

"திரும்புற எடத்த விட்டுட்டேன். மேலூர் வரைக்கும் போயிட்டேன்" என்றான். பிறகு தணிந்த குரலில், "தெரியாம இல்ல. தெரிஞ்சேதான் போனேன்."

போனில் மாமனாரிடம் சொன்னான். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "ஓட்டிட்டுப் போனியா, தள்ளிட்டுப் போனியா?" இவன் பதில் சொல்வதற்குள் அவரே, "சரி, கல்லுப்பட்டிக்காரன வேற பாக்கச் சொல்லிர்றேன்" என்றார். வண்டி தப்பித்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கூடத்தில் பெண்கள் இருந்தார்கள்.

சாயங்காலம் அவன் கிளம்பினான். மறுநாள் ஆபீஸ். வாசலில் வண்டியைச் சுற்றி வந்தேன். எஞ்சினைத் தொட்டேன். செயின் லேசாகத் தொங்கியது. குனியப் போனேன்.

"விடு, பாத்தேன். போய் டைட் பண்ணிக்கிறேன்" என்றான்.

கண்ணாடிகளைச் சரிசெய்யக் கை நீட்டினேன். அவன் உயரத்துக்கு ஏற்கெனவே திருப்பி வைத்திருந்தான். நான் நின்ற உயரத்துக்கு அவற்றில் வானம்தான் தெரிந்தது.

"வாரேன்" என்று ஹெல்மெட்டை மாட்டினான்.

தெரு திரும்பியதும் ஆள் மறைந்துவிட்டான். சத்தம் மட்டும் கண்மாய்க் கரை மேலாகப் போனது. ஃபர்ஸ்ட். செகண்ட். அங்கேயே வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். எஞ்சின் கத்தியது.

"தேர்டு போடு" என்றேன்.

"யார்கிட்டடி பேசுற? உள்ள வா, இருட்டப் போகுது" என்றாள் அம்மா.

கையை அசைக்காமல் நின்றேன், வளையல் சத்தம் குறுக்கே வராதபடி. ஒரு சின்ன இடைவெளி. பிறகு சத்தம் இறங்கி, நீண்டு, தூரமாகப் போயிற்று.

போட்டுவிட்டான்.