ஒரே ஒரு டவல், இருபத்தேழு அடி

இந்த நியூ ஜெர்சி குளிர்ல துணியே காய மாட்டேங்கறதுன்னு மாமியார் வந்ததுலேர்ந்து புலம்பல். அதனால இன்னிக்கு டவல் காயவைக்கற ஹீட்டர் கம்பி வாங்க ரெண்டு பேரும் கடைக்குப் போனோம்.

கடைக்காரன் சைஸ் பார்க்கணும்னு, "எத்தனை டவல் போடுவீங்க?"ன்னு கேட்டான்.

மாமியார் எங்கிட்ட, "ஒண்ணே ஒண்ணுதான், என் மடிசார். ஒன்பது கஜம்னு சொல்லு."

மடிசாருக்கு இங்கிலீஷ் தெரியாம, "ஒரே டவல், இருபத்தேழு அடி"ன்னுட்டேன்.

அவன் மெதுவா, "யாருக்கு?"ன்னான்.

நாலடி பத்தங்குல மாமியார் பெருமையா கை தூக்கினாங்க.

இருக்கறதுலயே பெருசா வாங்கிட்டு வந்தாச்சு. இப்ப அதுல மடிசார் காயறது, மாமனார் வேஷ்டி காயறது. என் டவல் கதவு மேல ஈரமா தொங்கறது.

உங்க யார் வீட்டுலயாவது இந்த டவல் கம்பில டவல் போடறீங்களா?