தடுப்பூசி ஆய்வில் எங்கள் அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் டாக்டர் என்பது இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர், நண்பர் எல்லோருக்கும் தெரியும். என்ன டாக்டர் என்பது பலருக்குத் தெரியாது. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் “காய்ச்சல் டாக்டர்” என்று நானே மழுப்பியிருக்கிறேன். எய்ட்ஸ் என்ற சொல்லைப் பந்தியில் சொல்ல எனக்குக் கூச்சம். அக்காவுக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை.

ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலாளியின் மூத்த மகளாகப் பிறந்தார். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று அப்பாவின் பாதங்கள் புண்ணாகிவிடும். களிம்பு தடவுவது அக்காவின் வேலை. அரசுப் பள்ளியில் படித்து மருத்துவரானார். தொற்றுநோய்ப் பிரிவைத் தேர்ந்தெடுத்தபோது அப்பா பயந்தார்.

“இன்னா நோவுன்னு தெரிஞ்சிதான் போறியாம்மா?”

“தெரிஞ்சிதாம்பா போறேன். அந்த நோவுக்காரங்களப் பாக்க ஆளு கம்மி.”

வேலூரில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்குப் பல்லாண்டு சிகிச்சை அளித்தவர், பின்னர் அந்நோய்க்கான தடுப்பூசி ஆய்வில் சேர்ந்தார். நோயில்லாதவர்கள் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அப்படி வந்தவர்களில் ஒருவர், நான் சூப்பர்வைசராக இருந்த ஷூ கம்பெனியின் தையல் பிரிவுப் பெண். அண்ணனை இந்நோய்க்குப் பறிகொடுத்தவர்.

ஊசிகள் முடிந்த மறு வருடம் அவர் கர்ப்பமானார். வெளியே ஓரிடத்தில் ரத்தம் சோதித்ததில் எச்.ஐ.வி. இருப்பதாகத் தாள் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி முழுக்கச் செய்தி பரவியது. அவர் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றார்கள் மற்றவர்கள். நான் அவரைத் தனி மேஜைக்கு மாற்றினேன். நல்லது செய்துவிட்ட நினைப்பில் அக்காவிடம் சொன்னேன்.

“யாருக்குடா நல்லது? அவங்களுக்கா, உனக்கா?”

அவ்வளவு கோபத்தை அக்காவிடம் நான் அதுவரை பார்த்ததில்லை.

உடனே அந்தப் பெண்ணை வரவழைத்து, கிருமியையே தேடும் சோதனையைச் செய்தார். கிருமி இல்லை. அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கு வந்து எல்லோர் முன்னாலும் நின்றார்.

“நாங்க போட்ட ஊசில கிருமி கிடையாது. அதோட சாயல்ல ஒரு சின்னத் துண்டுதான். அதப் பாத்து இவங்க ஒடம்பு எதிர்ப்பு சேத்து வெச்சிருக்கு. வெளிய பண்ண டெஸ்ட் அந்த எதிர்ப்பத்தான் பாத்துச்சி. இவங்களுக்கு நோய் இல்ல.” சற்று நிறுத்திச் சொன்னார்: “இருந்திருந்தாலும் பக்கத்துல உக்காந்தா ஒட்டாது.”

பக்கத்தில் உட்கார மறுத்த பெண்களில் ஒருவரே முதலில் சாப்பாட்டு டப்பாவோடு எழுந்து வந்து அந்தப் பெண்ணருகே உட்கார்ந்தார். அன்றே நான் அவரைத் தனி மேஜையிலிருந்து பழைய இடத்துக்கு மாற்றினேன்.

அந்தத் தடுப்பூசி பலிக்கவில்லை. அது தந்த எதிர்ப்பு, நோயைத் தடுக்கப் போதாது என்று முடிவு வந்தது. கடிதம் போட்டிருக்கலாம். அக்கா ஊர் ஊராகச் சென்று, ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் நேரில் சொன்னார். நான் வண்டி ஓட்டினேன். தையல் பிரிவுப் பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றார்.

“அப்போ எல்லாம் வேஸ்ட்டா, டாக்டரம்மா?”

“இல்லம்மா. இந்த வழி சரிப்படாதுன்னு உங்களாலதான் தெரிஞ்சிது. இனி வேற வழி பாப்போம்.”

“அடுத்தது வந்தா சொல்லுங்க. எங்க வூட்டுக்காரரையும் கூட்டினு வர்றேன்.”

புற்றுநோய் வந்த பிறகும் அக்கா படுக்கையிலிருந்தபடியே மாணவர்களின் ஆய்வுகளைத் திருத்தினார். அவர்களில் இருவர் இன்று வேறொரு தடுப்பூசிக்காக உழைக்கிறார்கள்.

அக்காவைக் கடைசி வரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பக்கத்திலேயே இருந்த அத்தானுக்கும் எங்கள் நன்றி. இறுதிச் சடங்கன்று எங்களுக்குத் தெரியாத முகங்கள் பல வந்திருந்தன. “அக்காவ எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பெயர் சொல்லாத அவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.