நான் பார்க்காத படங்கள்

எங்கள் முதலாளி என்னைப் பற்றிப் பொய் சொன்னார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் அசிங்கப் படம் பார்க்கிறேன் என்றார். அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பேன். தூத்துக்குடி கிளியரிங் ஏஜெண்டுகள் எல்லாம் இருக்கிற வாட்ஸப் குழுவில் எழுதினார். "நம் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்கள் கம்ப்யூட்டரில் என்ன பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்." பெயர் போடவில்லை. எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பெண் நான் ஒருத்திதான். பெயர் எதற்கு?

அந்தக் குழுவில் பெயர் கெட்டால் துறைமுகத்தில் வேறு எந்த ஆபீஸும் சேர்க்காது. எனக்குத் தெரிந்ததோ இந்த ஒரு வேலைதான். சரக்கு அனுப்புகிறவர்களுக்காகக் கஸ்டம்ஸில் கம்ப்யூட்டர் வழியாகப் பேப்பர் போடுவது, கப்பல் கிளம்புவதற்குள் கண்டெய்னர் பெட்டி உள்ளே போகும்படி பார்த்துக்கொள்வது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே செய்கிறேன்.

கோபத்தில் எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத, திட்ட வேண்டிய ஆள் ஒருவர்தான் என்றும், நன்றி சொல்ல வேண்டியவர்கள் அதைவிட அதிகம் என்றும் தெரிகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

மருந்துக்குப் போகிற சென்னா இலையை ஏற்றுமதி செய்கிற பெரியவர் ஒருவர் எங்கள் பழைய பார்ட்டி. நெற்றி நிறையத் திருநீறு. தன் பேப்பரைத் தானே பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி. அன்றைக்கும் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பியது. ரம்மி ஆட வா என்றது. மூடினேன். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று சிவப்பாக ஒன்று வந்தது. அதையும் மூடினேன். அடுத்து வந்தது ஒரு பெண்ணின் படம். உடம்பில் துணி இல்லை. உங்கள் ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கிறாள் என்று தமிழில் வேறு எழுதியிருந்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் பின்னால் முதலாளி டீ டம்ளரோடு நின்றிருந்தார்.

"என்ன கண்றாவி இது?"

"தானா வருது அண்ணாச்சி."

"தானா எப்பிடி வரும்? போய்ப் பாத்தாத்தான் வரும். பார்ட்டி முன்னால மானத்த வாங்கிட்டியே."

கடையிலிருந்து கம்ப்யூட்டர் பையனைக் கூப்பிட்டார்கள். மெஷினையே ஃபார்மட் போட்டுப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் காலையில் சுத்தமாக இருந்தது. ஆபீஸ் மெயிலைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் அதே ரம்மி, அதே சிவப்பு, அதே பெண். முதலாளி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"மொத்தத்தையும் அழிச்சிட்டுப் போயிருக்கான். அப்பவும் வருதுன்னா நீ மறுபடியும் போய்ப் பாத்திருக்கன்னுதான அர்த்தம்?"

  யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம் போலத்தான் இருந்தது. என் மேல் எனக்கே சந்தேகம் வருகிற மாதிரி ஆகிவிட்டது. எதையாவது தெரியாமல் அமுக்கிவிட்டேனா? அன்றைக்குச் சாயங்காலம்தான் குழுவில் எழுதினார். ஆபீஸ் போன் என் கையில்தான் இருக்கும். என்னைப் பற்றி எழுதியதை நானே முதலில் படித்தேன். மாசக் கடைசியோடு நின்றுகொள் என்றும் சொன்னார்.

என் வீட்டுக்காரர் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுக வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது டிரைவர்களுக்குப் பேச்சுதான் பொழுதுபோக்கு. "ஏலே, ஒங்க வீட்டுல பொம்பள படம் ஓட்டுதாமே, டிக்கெட் உண்டா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். இவர் வண்டியை விட்டு இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடித்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரியும். வீட்டுக்கு வந்த மனுஷன் கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்த மிஷின்ல என்னளா கோளாறு?"

கோளாறு மிஷினில்தான் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்திருந்தார். நான் ஒரு வார்த்தை விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கு நேரில் நன்றி சொன்னால் சிரிப்பார். இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

மாசக் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் காயல்பட்டினத்திலிருந்து ஒரு பெண் வந்தார். அவர் வீட்டுக்காரர் துபாயிலிருந்து கப்பலில் பெட்டிகள் அனுப்பியிருந்தார். அதை எடுக்கக் கையெழுத்துப் போட வந்தவர். கஸ்டம்ஸ் அதிகாரி வந்து பெட்டியைத் திறந்து பார்த்தால்தான் வெளியே விடுவார்கள். அதிகாரி வரவில்லை. அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்து காத்திருந்தார். காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்கள். இவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மின்விசிறி ஏன் சத்தம் போடுகிறது, சுவரில் ஏன் போன வருஷத்துக் காலண்டர் என்று எல்லாவற்றுக்கும் கேள்வி. நடுவில் என் திரையில் அந்தப் பெட்டி எழும்பியது. நான் பாய்ந்து கையால் மறைத்தேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்து விலக்கினார்.

"ஏளா, இத எதுக்கு மூடுற? மூடுனா போயிருமா? எந்திரி, நான் பாக்கேன்."

"ஒங்களுக்குத் தெரியுமா ராத்தா?" அவர் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இதான எனக்கு வேலையே."

அவர் ஊரில் பெண்கள் போனையோ லேப்டாப்பையோ ரிப்பேர் கடையில் கொடுக்க மாட்டார்களாம். உள்ளே கல்யாண வீட்டுப் படங்கள் இருக்கும், வெளிநாட்டில் இருக்கிற புருஷனோடு பேசியது இருக்கும். கடைக்காரன் பார்ப்பான். அதனால் எல்லாம் இவர் வீட்டுக்குத்தான் வரும். கம்ப்யூட்டர் படித்தவர். "துபாய்க்கார மாப்பிள்ளையெல்லாம் அங்க இருந்துக்கிட்டு கண்ட லிங்க்கையும் அனுப்புவாஹ. பொண்டாட்டி தொறப்பா. அப்புறம் ராத்தா ராத்தான்னு எங்கிட்ட ஓடியாருவா" என்று சிரித்தார்.

முதலில் பிரவுசரில் எந்தெந்தப் பக்கங்களுக்கு அறிவிப்பு அனுப்ப அனுமதி கொடுத்திருக்கிறது என்று திறந்து காட்டினார். நான் பெயர்கூடக் கேள்விப்படாத பக்கங்கள். ஒவ்வொன்றாக நீக்கினார். பிறகு பிரவுசரோடு ஒட்டிக்கொண்டிருக்கிற எக்ஸ்டென்ஷன்களைத் திறந்தார். அதில் ஒன்றின் மேல் சின்னக் கப்பல் படம் இருந்தது. எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டுகிற எக்ஸ்டென்ஷன். அதையும் நீக்கிவிட்டு பிரவுசரை மூடித் திறந்தார். கப்பல் திரும்ப வந்து நின்றது. அனுமதிகளும் வந்திருந்தன.

"யா அல்லாஹ், என்ன அழிச்சாட்டியம் இது!" மறுபடி நீக்கினார். மறுபடி வந்தது. இப்போது அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இது இங்கன பொறந்தது இல்ல. வேற எங்கனயோ இருக்கு. அங்க இருந்து இங்க வந்து விழுது. இந்த ஆபீஸ் மெயில வேற எதுல தொறந்திருக்கீஹ?"

எங்கள் ஆபீஸில் எல்லாவற்றுக்கும் ஒரே மெயில்தான். கஸ்டம்ஸுக்கும் அதுதான், பார்ட்டிகளுக்கும் அதுதான். அதே மெயிலில்தான் பிரவுசருக்குள்ளும் நுழைவோம். அப்படி நுழைந்தால், ஒரு கம்ப்யூட்டரில் சேர்த்தது இன்னொன்றிலும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஃபார்மட் போட்டும் ஏன் வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. நான் காலையில் மெயிலுக்குள் நுழைந்ததும் கூடவே அதுவும் நுழைந்திருக்கிறது.

எங்கெல்லாம் திறந்திருக்கிறது என்று அவர் தேடிப் பார்த்தார். எங்கள் மெஷின் இருந்தது. கூடவே ஒரு லேப்டாப். அன்று காலையிலும் திறந்திருந்தது.

பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் நானும் முதலாளியும்தான். எனக்கு லேப்டாப் கிடையாது.

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. இங்கிருந்து போகிற பெட்டி கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற வேண்டும். அந்தக் கப்பல் பிந்தினால் பார்ட்டிகள் நம் உயிரை வாங்குவார்கள். முதலாளி பல் தேய்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார். ஆபீஸுக்குள் நுழையும்போதே "கொழும்ப விட்டுட்டு", "இன்னும் வெளியதான் நிக்கி" என்று சொல்லிக்கொண்டுதான் வருவார். ஏதோ இலவசமாகக் காட்டுகிற பக்கத்தில், கப்பல் தெரிய வேண்டுமானால் இதைச் சேர், அனுமதி கொடு என்று கேட்டிருக்கிறது. கொடுத்திருக்கிறார். கப்பலும் தெரிந்திருக்கிறது. அதுதான் அதில் உள்ள சூது. வேலையைச் சரியாகச் செய்கிறதே என்று யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

முதலாளி கஸ்டம்ஸ் ஆபீஸிலிருந்து திரும்பியதும் நான் பேச வாயெடுத்தேன். ராத்தா முந்திக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டு லேப்டாப்ப இப்ப யாராவது தொறக்க முடியுமா?"

"எதுக்கு? நீங்க யாரு?"

"பெட்டி எடுக்க வந்தவ. வீட்டுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

எப்படிக் கேட்டாரோ, முதலாளி போட்டார். அவர் மனைவி எடுத்தார். ராத்தா சொல்லச் சொல்ல லேப்டாப்பைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கிற மூன்று புள்ளியை அமுக்கினார்.

"கப்பல் படம் ஏதும் இருக்காக்கா?"

"இருக்கும்மா. சின்னதா... ஐயய்யே, அந்தக் கருமம் இப்பவும் வருதே!"

"எது?"

"அதாம்மா, துணியில்லாம ஒருத்தி. ரொம்ப நாளா வருது. இவுஹதான் பாக்காஹன்னு நெனச்சேன். வயசான காலத்துல கேட்டு என்ன ஆவப்போவுதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

 முதலாளி ஸ்பீக்கரை அணைக்கக் கையை நீட்டினார். ராத்தா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவுஹ பாக்கல அக்கா. அதுவா வருது. இப்ப நான் சொல்லுத மாரி செய்ங்க."

முதலில் வீட்டில் அந்தக் கப்பலை எடுக்க வைத்தார். அறிவிப்பு அனுமதிகளை அங்கேயும் நீக்க வைத்தார். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்ச் சேருகிற வசதியை இரண்டு இடத்திலும் நிறுத்தினார். மெயிலோடு சேமித்து வைத்திருந்ததையும் அழித்தார். அதற்குப் பிறகு எங்கள் மெஷினில் எடுத்தார். வைரஸ் தேடுகிற புரோகிராமை முழுசாக ஓட விட்டார். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். மூடித் திறந்தோம். வரவில்லை. மெஷினையே அணைத்துப் போட்டோம். வரவில்லை.

"படம் காட்டுனது பெருசு இல்ல அண்ணாச்சி. நீங்க தொறக்கிற பக்கம் எல்லாத்தையும் இது பாக்கும். பேங்க் பாஸ்வேர்டையும் மாத்திருங்க" என்றார். முதலாளியின் முகம் அப்போதுதான் மாறியது. என் மானம் போனதற்கு அப்படி மாறியதை நான் பார்க்கவில்லை.

ராத்தா கைப்பையை எடுத்துக்கொண்டார். அதிகாரி கடைசி வரை வரவில்லை. மறுநாள் எங்கள் ஆளை அனுப்பாமல் நானே துறைமுகச் சரக்கு ஷெட்டுக்குப் போய், அதிகாரியைக் கூட்டி வந்து, பெட்டியைத் திறக்க வைத்து வெளியே எடுத்துக் கொடுத்தேன். உள்ளே பால் பவுடரும் சோப்பும் தடித்தடியாகக் கம்பளிகளும் இருந்தன. "இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளி அனுப்பியிருக்காஹ பாரு, இவுஹளுக்கு எந்த சாஃப்ட்வேர் போட்டுச் சரி பண்ண?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நான் எதற்கு அழுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு சோப்புக் கட்டியை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, பெட்டிகளை ஏற்றிய ஆட்டோவில் ஏறிவிட்டார். முன்பின் தெரியாத ஒருத்திக்காக ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து என் வேலையையும் பெயரையும் மீட்டுக் கொடுத்தவர். ராத்தா, உங்களுக்கு நான் பட்ட கடன் தீராது.

முதலாளியின் மனைவிக்கும் நன்றி. "நான் அன்னைக்கே அவுஹகிட்ட கேட்டிருந்தா ஒனக்கு இது வந்திருக்காதும்மா" என்று எனக்குப் போன் போட்டு வருத்தப்பட்டார். அவர் வருத்தப்பட வேண்டியதே இல்லை. புருஷன் தப்பு செய்கிறார் என்று நினைத்தும் வெளியே சொல்லாமல் அவர் மானத்தைக் காத்தவர் அவர். சென்னா இலைப் பெரியவருக்கும் நன்றி. மறுபடி வந்தபோது எதுவும் நடக்காதது போல என் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலாளி மாசக் கடைசிப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்குச் சக்கரம் வைத்த புது நாற்காலி வாங்கிப் போட்டார். இடுப்புக்கு நன்றாகத்தான் இருக்கிறது. குழுவில் எழுதுங்கள் என்று கேட்டேன். "விடும்மா, அதான் முடிஞ்சு போச்சுல்லா" என்றார். அவருக்கு முடிந்துவிட்டது. வாசலில் டிரைவர்களுக்கு முடியவில்லை. மற்ற ஆபீஸ்களுக்கு நான் பேப்பர் கொண்டு போகும்போது அங்கே திரையைத் திருப்பி வைக்கிறார்களே, அவர்களுக்கும் முடியவில்லை.

அண்ணாச்சி, நீங்கள் எழுதியது இன்னும் அந்தக் குழுவில் அப்படியே இருக்கிறது. ஒரே படம்தான் உங்கள் வீட்டிலும் வந்தது, என் மேஜையிலும் வந்தது. உங்களைச் சந்தேகப்பட்டவர் வாயை மூடிக்கொண்டார். நீங்கள் என்னைப் பற்றி ஊருக்கே சொன்னீர்கள். என்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்தப் படங்கள் உங்கள் லேப்டாப்பிலிருந்து வந்தவை, அந்தப் பெண் எதையும் பார்க்கவில்லை என்று, எழுதிய அதே குழுவில், எல்லோரும் படிக்க எழுதுங்கள். ஏன் இதுவரை எழுதவில்லை என்பதற்கும் அங்கேயே பதில் சொல்லுங்கள்.